கேட்டவர் யார்? – கறுப்பின மக்களின் குரல் ஆவணங்களும் அறிவிப்பாளர் தொடரும்

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் தமது ஆட்சிக் காலத்தில் (கி.பி. 717–720) மதீனாவிலிருந்த அபூபக்ர் பின் ஹஸ்ம் (ரஹ்) அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நபிமொழிகளைத் தேடி எழுதி வைக்குமாறு பணித்த அக்கடிதம், அப்பணிக்கான காரணத்தையும் கூறியது. அறிஞர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு அறிவும் மறைந்துவிடக் கூடாது என்பதே அக்காரணம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது நூலின் கல்வி பற்றிய பகுதியில் இச்செய்தியைக் குறித்துள்ளார்கள். நெஞ்சில் உள்ளதை ஏட்டில் ஏற்றத் தூண்டியது மரணத்தைப் பற்றிய அச்சமே என்பது நாம் கவனிக்க வேண்டிய ஒன்று.

இத்தகைய அச்சம் 1936-இல் அமெரிக்காவில் முற்றிலும் வேறொரு சூழலில் எழுந்தது. அந்நாட்டில் அடிமைமுறை 1865-இல் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. அடிமைகளாகப் பிறந்து சிறுவயதில் விடுதலை கண்டவர்களில் பெரும்பாலோர் 1936-இல் எண்பது வயதைக் கடந்திருந்தனர். பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்த எழுத்தாளர்களுக்குப் பணி அளிப்பதற்காக அரசு 'ஃபெடரல் ரைட்டர்ஸ் புராஜெக்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன் ஊழியர்கள் 1936 முதல் 1938 வரை 17 மாநிலங்களில் இம்முதியவர்களைத் தேடிச் சென்று 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை எழுதித் தொகுத்தனர். அவற்றின் தட்டச்சுப் படிகள் 1941-இல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் தொகுதிகளாக அமைக்கப்பட்டன. இன்று அவை இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இதனைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் கறுப்பின மக்களின் சமூக அமைப்புகளும் உருவாக்கிய வாய்மொழி ஆவணகங்கள் பல.

இந்த ஆவணகங்களுக்குள் நுழைகின்றவர் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்? அவற்றில் தாமும் ஒரு குரலைச் சேர்க்க விரும்புகின்றவர் எந்த ஒழுங்குகளைப் பேண வேண்டும்? நபிமொழிக் கலையைப் பயின்ற சமுதாயத்தார்க்கு இக்கேள்விகள் புதியவை அல்ல. சொன்னவர் யார், யாரிடமிருந்து கேட்டார், எப்போது, எந்நிலையில் கேட்டார் என்று துருவும் பழக்கம் நம் கல்விமரபில் ஊறியது. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நபிமொழி மார்க்க ஆதாரம். இவ்வாக்குமூலங்களோ மனிதர் தம் வாழ்வைப் பற்றிக் கூறியவை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. முன்னோர் வகுத்த கேள்விகளைக் கருவியாகக் கொண்டால் இவற்றை எத்துணைத் தெளிவாகக் காணமுடியும் என்று காட்டுவதே நோக்கம்.

சபெலோ தீவின் சதக்கா

ஜார்ஜியா மாநிலத்தின் கடற்கரையை ஒட்டி அமைந்தது சபெலோ தீவு. தாமஸ் ஸ்பால்டிங் என்பவருடைய பண்ணையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிலாலி முஹம்மத் என்ற ஆப்பிரிக்க முஸ்லிம் அடிமையாக வாழ்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கினி நாட்டிலுள்ள ஃபூத்தா ஜல்லோன் பகுதியைச் சேர்ந்தவர். அரபி எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவர் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், மேற்கூறிய திட்டத்தின் சவன்னா நகரப் பிரிவினர் அத்தீவுக்குச் சென்று முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தனர். அவர்கள் திரட்டியவை 1940-இல் 'டிரம்ஸ் அண்ட் ஷேடோஸ்' என்னும் நூலாக வெளிவந்தன.

அதில் கேட்டி பிரவுன் என்ற மூதாட்டியின் கூற்று உள்ளது. அவர் பிலாலியின் கொள்ளுப்பேத்தி. பிலாலியின் பெண்மக்களை அவர் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். அப்பெயர்களில் மதீனா, ஃபாத்திமா என்பனவும் உண்டு. பிலாலியும் மனைவி ஃபீபியும் மணிமாலையை உருட்டித் துதித்ததையும், சிறு பாய்விரிப்பில் மண்டியிட்டதையும் கூறுகிறார். பிலாலியின் வாயிலிருந்து வந்த சொற்கள் என அவர் உச்சரித்துக் காட்டியவற்றில் 'அக்பர்', 'முஹம்மத்' ஆகியவற்றின் சிதைந்த ஒலிகளை நாம் இனங்காண முடிகிறது. ஃபீபி 'ஆமீன்' என்று கூறுவாராம்.

இக்கூற்றில் ஒரு சிறப்பு உண்டு. 'மார்கரெட்டும் அவர் மகள் காட்டோவும் இவ்வாறு சொல்வதுண்டு' என்ற கருத்தோடுதான் அம்மூதாட்டி தொடங்குகிறார். மார்கரெட் பிலாலியின் மகள். கேட்டி பிரவுனின் பாட்டி. ஆக, எழுதப் படிக்கும் வாய்ப்புப் பெறாத குடும்பம், தான் பெற்ற செய்தியின் அறிவிப்பாளர் தொடரைத் தன்னியல்பாகவே பேணி வந்திருக்கிறது.

செய்தியின் உள்ளடக்கத்தையும் சற்று உரசிப் பார்ப்போம். கதிரவன் எழும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும்போதும் அவர்கள் வணங்கினர் என்றும், கதிரவனை நோக்கிக் குனிந்தனர் என்றும் கேட்டி பிரவுன் கூறுகிறார். ஃபிக்ஹ் படித்த மாணவர் எவரும் உடனே திடுக்கிடுவார். ஏனெனில் இம்மூன்றும் தொழுகை தவிர்க்கப்பட வேண்டிய நேரங்கள். பிலாலி தொழுதவை ஃபஜ்ரும் லுஹரும் மஃரிபுமாக இருக்க வேண்டும். ஜார்ஜியாவிலிருந்து கிப்லா கிழக்குப் பக்கமாகவே அமைவதால், வைகறையில் கிப்லாவை முன்னோக்கியவர் கதிரவனை வணங்குவதாகப் பார்ப்போர்க்குத் தோன்றியிருக்கும். பொருள் அறியாதவர் தம் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் ஒளிக்காமல் சொன்னதால் விளைந்த பிழை இது. இத்தகைய பிழை அறிவிப்பின் நம்பகத்தைக் குறைப்பதில்லை. புனைந்து கூறவில்லை என்பதற்கு அதுவே சான்றாகிறது.

மார்கரெட் செய்த பண்டம் ஒன்றையும் கேட்டி பிரவுன் விவரிக்கிறார். அரிசியைக் களைந்து நீரை வடித்து, ஈரத்தோடு இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் மர உரலில் இட்டு இடித்து, தேனோ சர்க்கரையோ சேர்த்துக் கையால் தட்டையாகத் தட்டிய அடை அது. அதன் பெயர் 'சரகா'. ஷேட் ஹால் என்ற மற்றொரு கொள்ளுப்பேரரும் அதே பெயரைச் சொல்கிறார். பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து நிற்க, பாட்டி மும்முறை 'ஆமீன்' கூறியபின் அனைவரும் அதை உண்பார்களாம். பிள்ளைகளுக்கு அது ஒரு பலகாரத்தின் பெயர். வரலாற்றாசிரியர் சில்வியான் டியூஃப் 1998-இல் வெளியிட்ட தமது நூலில், அச்சொல் 'சதக்கா'வே என விளக்கினார். தமக்கென ஓர் உடைமையும் இல்லாத, தாமே பிறர் உடைமையாக இருந்த மக்கள், கொடுக்க முடிந்ததைக் கொடுத்துத் தருமத்தை நிறைவேற்றியிருக்கின்றனர். அறியாத வாயிலும் அச்சொல் மூன்று தலைமுறை உயிர்வாழ்ந்தது. 1930-களில் ஒருவர் போய்க் கேட்டிராவிடில், அது அம்முதியவர்களோடு மண்ணுக்குள் சென்றிருக்கும்.

ஒரே மூதாட்டி, இரண்டு வாக்குமூலங்கள்

வாய்மொழி ஆவணத்தின் அருமையைச் சபெலோ காட்டுகிறது. அதன் ஆபத்தைச் சார்ல்ஸ்டன் காட்டுகிறது. தென் கரோலினா மாநிலத்தின் அத்துறைமுக நகரில் வாழ்ந்த, நூறு வயதைக் கடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மூதாட்டியின் கூற்று, அம்மாநிலத் தொகுதியில் இருமுறை இடம்பெற்றுள்ளது. ஒன்றில் அவர் பெயர் சூசன் ஹாம்லின், வயது 104. மற்றதில் சூசன் ஹாமில்டன், வயது 101. இருவரும் ஒருவரே என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு.

முதல் கூற்றை 1937-இல் எழுதியவர் ஜெசி பட்லர் என்னும் வெள்ளைப் பெண்மணி. அவர் நல உதவி அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று மூதாட்டி எண்ணிக்கொண்டார். அவ்வெண்ணம் திருத்தப்படவும் இல்லை. அவரிடம் பேசிய மூதாட்டி தம் எசமானரை நல்லவர் என்றார். மற்றதை எழுதியவர் அகஸ்டஸ் லாட்சன் என்னும் கறுப்பினத்தவர். அவரிடம் அதே மூதாட்டி கூறியவை வேறு. சாட்டையடிகள், முன்னறிவிப்பின்றி விற்கப்பட்ட உறவுகளுக்காக இரவும் பகலும் எழுந்த ஓலங்கள், ஓரிரவு மணமாகி மறுநாள் காலையில் விற்கப்பட்ட மணப்பெண், தெருவில் நின்று சபித்த அவளுடைய தாய்.

எதனை ஏற்பது? அவசரக்காரர், சொன்னவர் முரண்படுகிறார், ஆகவே இரண்டையும் தள்ளுக என்பார். அறிவிப்பாளரை எடை போடும் நம் கலையை மேலோட்டமாகப் பொருத்தினாலும் அம்முடிவே கிட்டும். ஆனால் ஃபிக்ஹில் 'இக்ராஹ்' என்னும் பாடம் இருக்கிறது. நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவரின் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது அதன் சாரம். 1930-களின் தெற்கு மாநிலங்களை எண்ணிப் பார்ப்போம். கறுப்பினத்தவர் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை மறுக்கப்பட்ட காலம். ஒரு வெள்ளையரை எதிர்த்துப் பேசியதற்காகவே கும்பல்களால் கொல்லப்படக் கூடிய காலம். கேட்க வந்தவரோ பலவேளைகளில் பழைய எசமானரின் ஊரவர். சில வேளைகளில் அக்குடும்பத்தின் வழித்தோன்றலே. பசித்திருக்கும் முதியவர் உதவித்தொகை வழங்குபவர் எனத் தாம் நம்பும் ஒருவரிடம் பேசுகிறார். கழுத்தில் கத்தி இல்லை என்பதால் இதனை முழு இக்ராஹ் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் நிழல் ஒவ்வொரு வாக்கியத்தின் மீதும் விழுந்திருக்கிறது.

இங்குதான் நம் கலையிலிருந்து இவ்வாவணங்கள் வேறுபடும் இடத்தைக் காண்கிறோம். நபிமொழிக் கலையில் சொன்னவரின் நேர்மையும் நினைவாற்றலும் முதன்மையாக ஆராயப்படுகின்றன. இவ்வாவணங்களில் முதலில் ஆராயப்பட வேண்டியவர் கேட்டவர். அவர் யார், எந்த இனத்தவர், எந்த அதிகாரத்தோடு வந்தார், எதனை எழுதினார், எதனை விட்டார் என்பதை அறியாமல் வாக்குமூலத்தைப் படிப்பது தொடரின் ஒரு கண்ணியைத் துண்டித்துப் படிப்பதாகும். 'அடிமைகளே தம் எசமானர்களைப் புகழ்ந்திருக்கின்றனரே' என்று இவ்வாவணங்களை மேற்கோள் காட்டி அடிமைமுறைக்குச் சாயம் பூச முயல்வோர், துண்டித்த அக்கண்ணியைத்தான் மறைக்கின்றனர்.

எழுதப்பட்டவை அனைத்தும் வாஷிங்டனை அடைந்தன என்பதும் இல்லை. மிசிசிப்பி, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் பல வாக்குமூலங்கள் திருத்தப்பட்டோ அனுப்பப்படாமலோ கிடந்தன. ஜார்ஜ் ராவிக் என்ற வரலாற்றாசிரியர் 1970-களில் அவற்றைத் தேடியெடுத்துக் கூடுதல் தொகுதிகளாக வெளியிட்டார்.

செவியேற்றலும் கண்டெடுத்தலும்

கல்வியைப் பெறும் வழிகள் எட்டு என இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) போன்ற நபிமொழிக் கலை அறிஞர்கள் வகுத்துள்ளனர். ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்கும் 'ஸமாஉ' முதலிடத்தில் வரும். எவரிடமும் கேளாமல் ஏட்டை மட்டும் கண்டெடுக்கும் 'விஜாதா' இறுதியில் வரும். இணைய ஆவணகங்களை இவ்விரு நிலைகளில் வைத்து எண்ணுவது பயனளிக்கும்.

முன்னர்க் கூறிய 2,300 வாக்குமூலங்களில் மிகப் பெரும்பாலானவை தாளில் உள்ளவை. கேட்டவர் குறிப்பெடுத்து, வீடு திரும்பி, நினைவிலிருந்து நிரப்பித் தட்டச்சு செய்தவை. போதாக்குறைக்கு, கறுப்பின மக்களின் உச்சரிப்பை விநோதமான எழுத்துக்கூட்டலில் காட்டும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. ஆங்கிலத்தை எல்லோருமே எழுதுவது போல உச்சரிப்பதில்லை. ஆயினும் கறுப்பினத்தவர் பேச்சுக்கு மட்டும் அவ்வெழுத்துக்கூட்டல் நடைமுறையாயிற்று. அத்திட்டத்தில் கறுப்பினத்தவர் தொடர்பான பகுதிக்குப் பொறுப்பாசிரியராக இருந்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், உச்சரிப்பைக் கோமாளித்தனமாக்காமல் பேச்சின் மரபுத்தொடருக்கு உண்மையாக இருங்கள் என்னும் கருத்தில் அறிவுரை வழங்கினார். அது எங்கும் பின்பற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன், 1860-இல் 'குளோடில்டா' என்னும் கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட கட்ஜோ லூயிஸ் என்பாரை 1927-லும் 1928-லும் சந்தித்து அவர் வரலாற்றை எழுதினார். அம்முதியவரின் பேச்சு மொழியைத் திருத்தி எழுதித் தருமாறு பதிப்பகம் கோரியது, அவர் உடன்படவில்லை. 'பாராகூன்' என்னும் அந்நூல் 2018-இல்தான் அச்சேறியது. சொன்னவரின் மொழியை இழிவுபடுத்துவது ஒரு குற்றம். அதனைத் துடைத்தெடுப்பது மற்றொரு குற்றம்.

ஒலிப்பதிவு இவ்விரு குற்றங்களிலிருந்தும் விடுபட வழி செய்கிறது. அடிமைகளாகப் பிறந்தவர்களின் மெய்க்குரல்கள் மிகச் சிலவே கிடைத்துள்ளன. காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்துள்ள அவ்வொலிப்பதிவுகளில் பேசுவோர் இருபத்துச் சொச்சம் பேரே. 1949-இல் பால்டிமோரில் பதிவு செய்யப்பட்ட ஃபவுண்டன் ஹியூஸ் அவர்களுள் ஒருவர். தம் பாட்டனார் அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் அடிமை என்று அவர் கூறுகிறார். குரலில் ஏற்படும் தயக்கம், பெருமூச்சு, திடீர் மௌனம் ஆகியவற்றை எந்தத் தட்டச்சுப் படியும் தாங்காது.

குரல் எதைக் காக்கும் என்பதற்கு இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். கறுப்பின மொழியியலாளர் லொரென்சோ டௌ டர்னர் 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத் தீவுகளிலும் ஊர்களிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தார். ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் அமீலியா டாலி என்ற பெண்மணி, தமக்கே பொருள் தெரியாத ஒரு பாடலை அவருக்குப் பாடிக் காட்டினார். அது சியரா லியோனில் பேசப்படும் மெண்டே மொழி எனப் பின்னர்த் தெரிந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்நாட்டின் ஒரு சிற்றூரில், இறந்தவர்க்கான சடங்கில் பாடும் பாட்டாக அதனை நினைவில் வைத்திருந்த ஒரு பெண்ணை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். 1997-இல் அமீலியாவின் மகள் சியரா லியோன் சென்று அப்பெண்ணைச் சந்தித்தார். டர்னர் பொருளை மட்டும் எழுத முற்பட்டிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திராது. அவர் ஒலியைக் காத்ததால், பிரிந்த இரு குடும்பக் கிளைகளின் நினைவு ஒன்றோடொன்று பொருந்தியது.

வாயில் ஊட்டுதல்

'தல்கீன்' என்றவுடன் நம் மக்களுக்கு மரணத் தறுவாயில் இருப்பவருக்குக் கலிமாவை நினைவூட்டுவதும் அடக்கத்தலத்தில் சொல்லிக் கொடுப்பதும் நினைவுக்கு வரும். நபிமொழிக் கலையில் அச்சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. அறிவிப்பாளரிடம் 'நீங்கள் இப்படித்தானே கேட்டீர்கள்?' என்று எடுத்துக்கொடுத்து, அவரை ஆமென்று சொல்ல வைப்பது அது. எடுத்துக்கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்பவரின் அறிவிப்பைக் கலைவாணர்கள் பலவீனமாகக் கருதினர்.

இன்றைய வாய்மொழி வரலாற்றாளர் அஞ்சுவதும் இதையே. அலெக்ஸ் ஹேலி தம் மூதாதையைத் தேடி 1967-இல் காம்பியா நாட்டின் ஜுஃபுரே ஊருக்குச் சென்றார். அங்கு கெபா ஃபொஃபானா என்ற முதியவர், குண்டா கிண்டே என்னும் முஸ்லிம் இளைஞர் பிடிபட்ட கதையைக் கூறினார். 1976-இல் வெளியான 'ரூட்ஸ்' நூல் அதன்மீது எழுந்தது. ஆயினும், அம்முதியவர் பரம்பரைக் கதைசொல்லியாக முறைப்படி பயின்றவர் அல்லர் என்றும், ஹேலி தேடுவது இன்னது என்ற செய்தி அவர் செல்வதற்கு முன்பே அங்குப் பரவியிருந்தது என்றும் வரலாற்றாசிரியர் டொனால்டு ரைட் 1981-இல் எழுதினார். அந்நூல் கோடிக்கணக்கான கறுப்பின மக்களைத் தம் வேரைத் தேடத் தூண்டியது என்பதில் ஐயமில்லை. நல்ல நோக்கமும் தல்கீனைச் செல்லுபடியாக்காது என்பதே நாம் பெறும் பாடம்.

கேட்பவர் மாறியபோது

அறுபதுகளின் உரிமைப் போராட்டத்திற்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. கறுப்பின மக்கள் கேட்கப்படுவோராக மட்டும் இராமல் கேட்போராகவும் ஆயினர். இதற்கு முன்மாதிரிகள் முன்பே உண்டு. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஒஃபீலியா செட்டில் என்னும் கறுப்பின ஆய்வாளர், அரசுத் திட்டம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே முன்னாள் அடிமைகளைச் சந்தித்து எழுதியிருந்தார். வர்ஜீனியாவில் ராஸ்கோ லூயிஸ் தலைமையில் கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட ஒரு குழு இயங்கியது.

1993 முதல் 1995 வரை டியூக் பல்கலைக்கழகம், கறுப்பினக் கல்லூரிகளின் ஒத்துழைப்போடு, இனப்பாகுபாட்டுச் சட்டங்களின் கீழ் வாழ்ந்த முதியவர்களிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்களைத் திரட்டியது. சிகாகோவில் 1999-இல் தோன்றிய 'தி ஹிஸ்டரி மேக்கர்ஸ்' அமைப்பின் தொகுப்பைக் காங்கிரஸ் நூலகம் 2014-இல் ஏற்றுக்கொண்டது. 2009-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உரிமைப் போராட்டத்தில் பங்கேற்றோரின் குரல்களைத் திரட்டுவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 'ஸ்டோரி கோர்' அமைப்பு 2007-இல் தொடங்கிய கறுப்பினத்தவர்க்கான முயற்சியில், ஒருவரையொருவர் அறிந்த இருவர் ஏறத்தாழ நாற்பது நிமிடம் உரையாடுவர். பேத்தி கேட்பாள், பாட்டி சொல்வார். சார்ல்ஸ்டன் மூதாட்டியைப் பேசவிடாமல் தடுத்த அச்சத்திற்கு அங்கு இடமில்லை.

ஆனால் உறவும் ஒரு திரையே. பேத்தியின் மனம் நோகும் என்று பாட்டி சிலவற்றை மறைப்பார். அந்நியரிடம் சொல்லக் கூடியதை உறவினரிடம் சொல்லத் தயங்குவார். ஆகவே முழுமையான கேட்பவர் என ஒருவர் இல்லை. யார் கேட்டார் என்பது ஆவணத்தில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தால், படிப்பவர் அதற்குரிய எடையைத் தாமே இட்டுக்கொள்வார்.

கறுப்பின முஸ்லிம்களின் குரல்களும் இப்போது இடம்பெறுகின்றன. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், ஸ்டேட் ஸ்ட்ரீட் பள்ளிவாசலை ஷைக் தாவூத் அஹ்மத் ஃபைஸல் 1939-இல் நிறுவினார். இத்தகைய பள்ளிவாசல்களின் வரலாறு பெரும்பாலும் அங்குத் தொழுதவர்களின் நினைவில்தான் இருக்கிறது. புரூக்ளின் வரலாற்றுச் சங்கம் 'புரூக்ளினில் முஸ்லிம்கள்' என்னும் திட்டத்தின் கீழ் அப்பகுதியின் பல இன முஸ்லிம்களிடம் நேர்காணல்கள் நடத்தி இணையத்தில் வைத்தது. 2020-இல் அச்சங்கம் புரூக்ளின் பொது நூலகத்தோடு இணைந்தது. தொகுப்பு அதன் பொறுப்பில் தொடர்கிறது.

பங்களிப்போர் பேணவேண்டிய ஒழுங்குகள்

ஓர் ஆவணகத்திற்கு ஒரு குரலை வழங்குவது சாட்சியம் அளிப்பதாகும். சாட்சியத்தை மறைப்பது உள்ளத்தின் குற்றம் எனத் திருமறை (2:283) கூறுகிறது. அதற்கு முந்தைய வசனமோ கடனை எழுதி வைப்பது பற்றி விரிவாகப் பேசும்போது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கப்படலாகாது எனப் பணிக்கிறது. வாய்மொழி வரலாற்றின் ஒழுங்குகள் அனைத்தும் இவ்விரு கருத்துகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்றால் மிகையாகாது.

முதலாவது, தொடரைப் பதிவு செய்தல். ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே பேசுபவர், கேட்பவர், இடம், நாள் ஆகியவற்றை உரக்கச் சொல்லிவிட வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு கிழியும். கோப்பின் பெயர் மாறும். குரலோடு கலந்த தகவல் பிரியாது. பேசுபவர் தாமே கண்டதையும் பிறரிடம் கேட்டதையும் பிரித்துச் சொல்லும்படி கேட்க வேண்டும்.

இரண்டாவது, தல்கீனைத் தவிர்த்தல். 'அப்போது மிகவும் துன்பப்பட்டீர்கள் அல்லவா?' என்பது கேள்வியன்று. விடையை வாயில் ஊட்டுவது. 'அன்று காலை முதல் நடந்ததைச் சொல்லுங்கள்' என்றால் போதும். மௌனம் விழுந்தால் அதை நிரப்ப விரையக் கூடாது.

மூன்றாவது, ஒப்புதல். பேசியவரின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் எந்த நல்ல ஆவணகமும் ஒலிப்பதிவை வெளியிடுவதில்லை. சில பகுதிகளை நீக்கவும், தம் வாழ்நாள்வரை மூடி வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இணையத்தில் ஏறியது உலகெங்கும் செல்லும் என்பதை அவருக்குப் புரியும்படி விளக்கியபின் பெறும் இசைவே இசைவு. 1937-இன் சார்ல்ஸ்டன் மூதாட்டிக்குத் தாம் யாரிடம் எதற்காகப் பேசுகிறோம் என்பதே தெரியாது. அவருடைய சொற்கள் இன்று உலகம் முழுவதும் படிக்கப்படுகின்றன. அவற்றை நாம் படிக்கும்போது அக்கடனை நினைவில் கொள்வது நலம்.

நான்காவது, இல்லாதவரின் மானம். நினைவுகளில் அயலார் வருவர், உறவினர் வருவர், அவர்களின் குறைகளும் வரும். புறம் பேசுதலுக்கும் அநீதியை எடுத்துரைப்பதற்கும் இடையே மார்க்க அறிஞர்கள் வகுத்த கோடு இங்கு வழிகாட்டும். அநீதிக்குள்ளானவர் அநீதி இழைத்தவரைச் சுட்டுவது அனுமதிக்கப்பட்டது. தனிமனிதரின் அந்தரங்கத்தைச் சுவைக்காகப் பரப்புவது அனுமதிக்கப்படாதது.

ஐந்தாவது, ஒப்புநோக்கல். ஒலியை எழுத்தாக்கியபின் பேசியவரிடமே கொடுத்துச் சரிபார்ப்பது, ஏட்டை மூலத்தோடு வைத்து 'முகாபலா' செய்த நம் படியெடுப்போரின் வழக்கத்தை ஒத்தது. காங்கிரஸ் நூலகம் 2018-இல் தொடங்கிய தன்னார்வப் படியெடுப்புப் பணியிலும் ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்க்கும் முறையே உள்ளது. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸின் ஆவணங்களும் இவ்வாறு தன்னார்வலர்களால் படியெடுக்கப்பட்டன. அச்சமூகத்தில் பிறக்காதவரும் செய்யக் கூடிய பங்களிப்பு இது.

அரபி கற்றோரின் கடன்

அரபி கற்றோர்க்கு இத்துறையில் தனியே ஒரு பங்கு உண்டு. சபெலோ தீவின் பிலாலி தம் கையால் எழுதிய பதின்மூன்று பக்க அரபிச் சுவடி ஒன்று இப்போது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உள்ளது. நெடுங்காலம் அது ஓர் அடிமையின் நாட்குறிப்பு என்றே நம்பப்பட்டது. அதனை வாசிக்க ஒருவராலும் இயலவில்லை. ஜோசஃப் கிரீன்பர்க் என்னும் அறிஞர் அதன் படியை நைஜீரியாவின் கானோ நகர உலமாக்களிடம் காட்டினார். அவர்களின் துணையால், அது கி.பி. பத்தாம் நூற்றாண்டின் இப்னு அபீ ஸைத் அல்கைரவானீ (ரஹ்) எழுதிய மாலிகி ஃபிக்ஹ் நூலான 'ரிஸாலா'வின் பகுதிகள் என 1940-இல் வெளியிட்டார். இளமையில் ஓதிய பாடத்தை, ஆசிரியரும் நூலும் அற்ற அந்நிய மண்ணில், நினைவிலிருந்து மீட்டெழுத முயன்றிருக்கிறார் ஒரு முன்னாள் மாணவர். சுவடி அமெரிக்காவில் இருந்தது. அதை அடையாளம் காணும் கல்வி கானோவில் இருந்தது. ரிஸாலா இன்றும் பாடநூலாக ஓதப்படுவதால் அவர்களால் அது முடிந்தது.

பிலாலியைப் போலவே அடிமைப்படுத்தப்பட்ட உமர் பின் ஸயீத், 1831-இல் அரபியில் எழுதிய தன்வரலாற்றை 'அல்முல்க்' அத்தியாயத்தோடு தொடங்கினார். ஆட்சியும் உடைமையும் இறைவனுக்கே உரியன என்ற அத்தியாயத்தை, சட்டப்படி பிறர் உடைமையாக இருந்தவர் முதலில் வைத்தது ஏன் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அச்சுவடியைக் காங்கிரஸ் நூலகம் 2017-இல் பெற்று, 2019-இல் இணையத்தில் வைத்தது. ஏடு திறந்துகிடக்கிறது. அதன் சொல்லையும் எழுத்தையும் பிழையையும் உள்ளிருந்து உணர்ந்து விளக்கக் கூடியவர்கள் அரபிக் கல்லூரிகளில் இருக்கின்றனர். அவர்களில் எத்தனை பேர் அதனைத் திறந்து பார்த்திருப்பர்?

பொருள் தெரியாமலே ஒரு சொல்லை மூன்று தலைமுறை காத்துத் தந்தார்கள் அம்மக்கள். பொருள் தெரிந்தவர்கள் சென்று கேட்பதும், கேட்டதைத் தொடரோடும் நேர்மையோடும் பதிப்பதும், அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய அமானிதம்.